கம்பத்துக் கரி

விடியும் முன்பே முசெம்பி அடுப்புக்கு வந்துவிடுவான். மொம்பாசா சாலையில் லாரிகள் ஒவ்வொன்றாக விளக்கை அணைக்கும் நேரம் அது. முலிங்கேயின் ஆட்டுக்கறிக் கடைக்குப் பின்னால், தகரக் கூரைக்குக் கீழே, செங்கல்லால் கட்டிய பன்னிரண்டடி அடுப்பு. அதன் ஒரு கோடியில் பாதியாக வெட்டிய எண்ணெய்ப் பீப்பாய். முதல் நெருப்பு எப்போதும் பீப்பாயில்தான். காய்ந்த உடைமரப் பட்டையைக் கொளுத்தி, அதன் மேல் கரியைக் கூம்பாகக் குவித்துவிட்டு, கைகட்டி நிற்பான். கறுப்புப் புகை வெளுத்து, வெள்ளைப் புகை மெலிந்து, கடைசியில் புகையே இல்லாமல் கரியின் மேல் சாம்பல் பூத்த பிறகுதான் மண்வெட்டியால் வாரி அடுப்பில் பரப்புவான். வேகும் கறிக்கு அடியில் பச்சைக் கரியைப் போடுவது அவன் அடுப்பில் நடக்காது. மண்ணெண்ணெய் அந்தப் பக்கமே வரக்கூடாது. கொழுப்புச் சொட்டி நெருப்பு எழும்பினால் விலாவை உடனே ஓரத்துக்கு இழுத்துவிடுவான். எலும்புப் பக்கம் முதலில், சதைப் பக்கம் பிறகு, கடைசியில் உப்புத் தண்ணீர் ஒரு தெளி.

பத்தொன்பது வருடம் இப்படித்தான். வழியில் மூன்று கடைகளைத் தாண்டி வந்து இங்கே லாரியை நிறுத்துகிறவர்கள் இருந்தார்கள். முசெம்பியின் கறியில் புகை வாசனை இருக்கும், புகைக் கசப்பு இருக்காது என்பார்கள்.

அன்று கரி நன்றாகத்தான் பிடித்தது. புது மூட்டை. துண்டுகள் கனமாக, தட்டினால் ஓடு போல ஓசை எழுப்பின. சாம்பலும் பூத்துவிட்டது. வாரிப் போடக் குனிந்தவன் அப்படியே நின்றான். கூரைக்கடியில் இன்னும் இருட்டு விலகவில்லை. பீப்பாயின் நடுவில், இரண்டு கரித்துண்டுகளின் இடுக்கில், பச்சையாக ஒரு நாக்கு எழுந்து அடங்கியது. பிறகு இன்னொரு இடுக்கில். சத்தமே இல்லை. புல்லின் பச்சை அல்ல அது. பழைய செம்புப் பாத்திரத்தில் களிம்பு ஏறுமே, அந்தப் பச்சை.

"கதுங்கே, பீப்பாயில பிளாஸ்டிக் எதையாவது போட்டியா?"

களி கிண்டிக்கொண்டிருந்த கதுங்கே துடுப்பை நிறுத்தாமல் சொன்னாள்: "பாலித்தீன் பை போட்டேன்னு போன வருஷம் நீ கத்துன கத்து இன்னும் காதுல இருக்கு. நானா திரும்பப் போடப் போறேன்?"

முசெம்பி இடுக்கியால் கிளறிப் பார்த்தான். கரியைத் தவிர வேறொன்றும் இல்லை. விடிந்ததும் பச்சை கண்ணுக்குத் தெரியாமல் போனது.

பத்து மணிக்கு முதல் தட்டு உள்ளே போனது. சற்று நேரத்தில் ஒரு லாரி ஓட்டுநர் கையில் விலா எலும்போடு அடுப்படிக்கே வந்துவிட்டான்.

"என்ன முசெம்பி அண்ணே, இந்த ஆட்டுக்கு மலேரியா மாத்திரை குடுத்து வளத்தாங்களா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். முசெம்பி அவன் கையிலிருந்த எலும்பிலிருந்து ஒரு பிசிறைக் கிள்ளி வாயில் போட்டான். கருகிய கசப்பு அவனுக்குத் தெரியும். அது தொண்டையில் ஒரு நொடி உறைத்துவிட்டுப் போய்விடும். இது நாக்கின் இரு ஓரங்களிலும் ஒட்டிக்கொண்டது. பூண்டைத் தீய்த்தது போல மூக்கில் ஒரு வாசனை. தண்ணீர் குடித்தான். தண்ணீரும் கசந்தது.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்து பார்த்தான். கரி மூட்டையை அவிழ்த்து இரண்டு நாள் வெயிலில் காயவைத்தான். கம்பிவலையைச் சாம்பலும் மணலும் போட்டுத் தேய்த்து, ஈரம் போகச் சுட்டெடுத்தான். கொழுப்பை ஒட்டச் சீவினான். சாம்பல் பூத்த பிறகும் கால்மணி நேரம் கூடுதலாகக் காத்திருந்தான். கறியை அடுப்பிலிருந்து ஒரு முழம் உயர்த்தி வைத்தான். கசப்பு குறையவில்லை. ஓட்டுநர்கள் குறைந்தார்கள்.

நாய்கள் விஷயத்தை முதலில் கவனித்தவள் கதுங்கேதான். கடையின் பின்புறம் எப்போதும் ஏழெட்டு நாய்கள் எலும்புக்கு அடித்துக்கொள்ளும். ஒரு நாள் மதியம் அவள் வாளியோடு வெளியே போய், வாளியோடே திரும்பி வந்தாள்.

"ஒண்ணையும் காணோமே."

சாலைக்கு அந்தப் பக்கம், முள்வேலி ஓரமாக, எல்லா நாய்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. குரைக்கவில்லை. கடையைப் பார்த்துக்கொண்டிருந்தன. கதுங்கே ஒரு எலும்பை எடுத்து வீசினாள். அது நடுச்சாலையில் விழுந்து, அடுத்து வந்த லாரியின் சக்கரத்தில் நொறுங்கியது. ஒரு நாயும் எழுந்திருக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் முலிங்கே அவனைக் கல்லாவுக்குக் கூப்பிட்டான். உரத்துப் பேசுகிறவன் அல்ல. பல் குத்திக்கொண்டே கேட்டான்.

"உன் கைய நம்பித்தான் இந்தக் கடை ஓடுது முசெம்பி. இப்போ கை கெட்டுப்போச்சா, நாக்கு கெட்டுப்போச்சா?"

"கரி சரியில்ல முதலாளி. முன்னெல்லாம் வாங்கின வயுவாகிட்டயே திரும்ப வாங்கலாம். அவ கரி சுத்தமான உடைமரக் கரி."

"வயுவா சொல்ற விலைக்கு நான் தோலத்தான் உரிச்சுக் குடுக்கணும். நெருப்புல வெந்துட்டா எல்லாக் கரியும் ஒண்ணுதான். போய் வேலையப் பாரு."

திங்கட்கிழமை மூட்டையைக் கவிழ்த்தபோது கரியோடு சேர்ந்து ஏதோ கணீரென்று விழுந்தது. விரல் நீளத்துக்கு ஒரு தகடு. சூட்டில் வளைந்திருந்தது. துடைத்துப் பார்த்தால் எண்கள். ஒரு முனையில் பாதி ஆணி.

கதுங்கே அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது எங்க வீட்டு முன்னால கரண்டு கம்பத்துல அடிச்சிருக்கிற நம்பரு மாதிரியே இருக்கு."

இருவரும் மூட்டை அடுக்கைப் பார்த்தார்கள். கதுங்கே குரலைத் தாழ்த்தினாள்.

"உனக்கு ஒண்ணு தெரியுமா? முதலாளி இப்போ விலா கேக்கறதில்ல. அவருக்குத் தனியா விறகடுப்புல, பானையில வேகவச்சுக் குடுக்கச் சொல்லிட்டாரு. ஒரு மாசமாச்சு. வயித்துப் புண்ணுன்னாரு. நானும் நம்பினேன்."

செவ்வாய்க்கிழமை முசெம்பிக்கு விடுமுறை. கரி எங்கிருந்து வருகிறது என்று கடையின் பிக்கப் ஓட்டுகிறவனிடம் முதல் நாளே விசாரித்திருந்தான். பழைய கற்றாழை நார்த் தோட்டத்தின் கோடியில், முன்யாவோ என்பவன் மரத்தை மண்ணால் மூடி எரித்துக் கரி மூட்டம் போடுகிறானாம். வாடகை மோட்டார் சைக்கிள்காரன் பாதி வழியிலேயே வண்டியை நிறுத்திவிட்டான்.

"இதுக்கு மேல நீங்க நடந்து போங்க. அந்தப் புகை எனக்கு ஒத்துக்கறதில்ல."

காய்ந்த கற்றாழைத் தண்டுகளுக்கு நடுவே அரைமணி நேரம் நடந்தான். வழி நெடுகக் கறையான் புற்றுகள், ஆள் உயரத்துக்கு, சிவப்பாக. ஓரிடத்துக்குப் பிறகு புற்றுகள் இல்லை. குருவிச் சத்தமும் இல்லை என்பது இன்னும் கொஞ்ச தூரம் போன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. தன் செருப்புச் சத்தம் மட்டும் கூடவே வந்தது.

வெட்டவெளியில் கம்பங்கள் கிடந்தன. நூறுக்கு மேல் இருக்கும். பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்தது போல ஒரே வரிசையாக, ஒவ்வொன்றின் மார்பிலும் தகட்டு எண்ணோடு. வெட்டிய முனைகளில் மரத்தின் உள்வட்டம் வெளிறியும் வெளிவட்டம் பச்சை படர்ந்தும் இருந்தன. அவற்றுக்கு அப்பால் நீளவாக்கில் இரண்டு மண்மேடுகள். ஒரே அகலம், ஒரே திசை. ஒன்று புகைந்துகொண்டிருந்தது. மற்றதில் புகை இல்லை, சின்னதாக இருந்தது, அதன் தலைமாட்டில் ஒரு குச்சி நட்டிருந்தது.

புகைகிற மேட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவன் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். எதிரே இரண்டு குவளைகள்.

"வாங்க. முலிங்கே அனுப்பினாரா?"

"இல்ல. நான் அவரு அடுப்புல நிக்கிறவன். முசெம்பி."

"ஓ, கறி சுடுறவரா?" முன்யாவோவின் முகம் மலர்ந்தது. "உங்க கறி பத்தி எம் பொண்டாட்டி சொல்லியிருக்கா. கல்யாணம் ஆன புதுசுல ஒரு தடவ கூட்டிட்டு வந்தேன். உக்காருங்க."

மூன்றாவது குவளை ஒன்றைத் துடைத்து ஊற்றினான். இரண்டாவது குவளையைத் தொடவில்லை. அதில் தேநீர் ஆடை படர்ந்து ஆறிக் கிடந்தது. சர்க்கரையை எடுத்துக் கொடுக்கும்போது அவன் விரல்கள் பிடிப்பில்லாமல் நழுவி, ஒரு கரண்டி மண்ணில் கொட்டியது. அந்தக் கைகளை முசெம்பி பார்த்தான். உள்ளங்கை முழுக்கச் சோளமணி போலக் கெட்டிக் கெட்டியாகக் காய்ப்புகள். மண்வெட்டிக் காய்ப்பு அப்படி இருக்காது. கழுத்திலும் மார்பிலும் தோல், தூற்றல் விழுந்த புழுதி மாதிரி புள்ளி புள்ளியாக இருந்தது.

"கறையான் அரிக்காம இருக்க மருந்து ஏத்துன கம்பம்ல இது?" என்று முசெம்பி கேட்டான்.

"அப்படித்தான் சொல்றாங்க. கரண்டு கம்பெனிக்காரங்க பழசை எல்லாம் கழிச்சுக்கட்டினாங்களாம், முலிங்கே மொத்தமா எடுத்துட்டாரு. இங்க மரம் வெட்டினா வனக்காவல்காரன் புடிப்பான். இதுக்கு யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க." கீழே கொட்டிய சர்க்கரையைக் காட்டிச் சிரித்தான். "பாருங்க, எறும்பு வருதான்னு. வராது. போன வருஷம் வரைக்கும் என் குடிசைக் காலு கறையான் தின்னு தின்னு சாயும். இப்போ ஒரு காலுலகூடக் கறையான் இல்ல. நல்லதுதான?"

முசெம்பி சர்க்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெயிலில் வெள்ளையாக அப்படியே கிடந்தது.

"உங்க சம்சாரம்?"

"அவளுக்குச் சோறு பிடிக்காமப் போச்சு. எதத் தின்னாலும் கசக்குதுன்னா. கால் மரத்துப்போச்சுன்னா. மூணு வாரத்துக்கு முன்னால..." முன்யாவோ குச்சி நட்ட மேட்டின் பக்கம் கையை அசைத்தான். பிறகு சட்டென்று புகைகிற மூட்டத்தின் பக்கம் திரும்பி, வீட்டுக்குள் இருப்பவளிடம் பேசுகிற குரலில் சொன்னான்: "அந்தப் பக்கம் விரியுது பாரு. ரெண்டு கூடை மண்ணு போடு."

முசெம்பி திரும்பிப் பார்த்தான். அங்கே யாரும் இல்லை. மூட்டத்தின் ஓரத்தில் மண் உண்மையிலேயே விரிந்திருந்தது. வெடிப்பிலிருந்து புகை மேலே போகாமல், தரையோடு படிந்து அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தை நோக்கி மெல்ல வந்தது.

"மூட்டத்துல அவ கண்ணு வச்சிருப்பா. நான் தூங்கிருவேன்," என்றான் முன்யாவோ.

"அண்ணே, இத விட்டுருங்க. இந்த மருந்துதான் அவங்கள... இது விஷம்ணே."

 முன்யாவோ ஆறிய குவளையை எடுத்து, அதில் ஈ விழக்கூடாது என்பது போல ஒரு இலையால் மூடினான். ஈ ஒன்றுகூட அங்கே இல்லை.

"விட்டுட்டு?" என்று கேட்டான்.

 முசெம்பி எழுந்து நடந்தான். கற்றாழைக்குள் நுழையும்போது பின்னால் கூடையில் மண் அள்ளும் சத்தம் கேட்டது. முன்யாவோ உட்கார்ந்த இடத்தில்தான் இருக்கிறானா, எழுந்துவிட்டானா என்று திரும்பிப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

புதன்கிழமை காலையில் அவன் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. முலிங்கே வரும்வரை பீப்பாய்க்குப் பக்கத்தில் நின்றிருந்தான். வந்ததும் எல்லாவற்றையும் சொன்னான். பச்சை நெருப்பு, தகடு, முன்யாவோவின் கைகள், அவன் மனைவி.  முடித்ததும் முலிங்கே ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"யார்யார்கிட்ட சொன்ன?"

"யார்கிட்டயும் சொல்லல. சுகாதார ஆபீசுல சொல்லலாம்னு..."

"அந்த ஆபீசரு சனிக்கிழமை சனிக்கிழமை இங்கதான் சாப்பிடறாரு. கரியில விஷம்னு சொன்னா, நீ சுட்டுக் குடுத்த கறியத்தான் முதல்ல கேப்பாரு. ரெண்டு மாசம் ஊருக்கெல்லாம் சுட்டுப்போட்டது எந்தக் கை?"

முசெம்பியின் விரல் நுனிகள் சில நாட்களாகவே மரத்திருந்தன. கைகளைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டான்.

"நீங்க ஒரு மாசமா வேகவச்ச கறிதான சாப்பிடறீங்க முதலாளி?"

கதுங்கேயின் துடுப்பு நின்றது. முலிங்கே அவளைப் பார்த்தான், பிறகு அவனைப் பார்த்தான். கோபம் இல்லை, ஏதோ கணக்குப் போடுகிறவன் முகம் மாதிரிதான் இருந்தது.

"மச்சாகோஸ்ல இருந்து ஒரு ஆளு வர்றான். எலுமிச்சையும் மிளகாயும் அரைச்சுத் தடவிச் சுடுவானாம். எந்தக் கசப்பும் தெரியாதாம். நீ வீட்டுல இருந்து நாக்குக்கு வைத்தியம் பாரு."

பத்தொன்பது வருடத்துக்கு என்ன தருவீர்கள் என்று முசெம்பி கேட்டான். வெறுங்கையோடு அனுப்ப மாட்டேன் என்று முலிங்கே சொன்னான். சொன்னபடியே செய்தான். மறுநாள் மதியம் கடையின் பிக்கப் முசெம்பியின் சந்துக்குள் பின்னோக்கி வந்து, அவன் வாசலில் எட்டு மூட்டைக் கரியை இறக்கிவிட்டுப் போனது.

சந்தே வேடிக்கை பார்த்தது. அவன் வீட்டைத் தவிர பதினோரு வீடுகள், பதினோரு கரியடுப்புகள். எட்டு மூட்டை என்றால் ஒரு வீட்டுக்கு வருடம் முழுக்கக் காணும்.

"முசெம்பி அண்ணே, வேலைய விட்டு அனுப்பினாலும் மனுஷன் பெரிய மனசுக்காரர்தான்," என்றாள் அடுத்த வீட்டு வன்சா. எட்டு மாதக் கர்ப்பிணி. இடுப்பில் கைவைத்து வேலியில் சாய்ந்திருந்தாள்.

முசெம்பி கொல்லையில் குழி தோண்டத் தொடங்கினான். மனைவி சியொம்புவா இன்னொரு மண்வெட்டியை எடுத்து வந்தாள். அவன் சொன்னதை அவள் ஒருத்தி நம்பினாள். மூட்டைகளை உள்ளே தள்ளும்போது வேலியோரம் தலைகள் கூடின.

"யாரும் இதத் தொடாதீங்க," என்றான் முசெம்பி. மூச்சு வாங்கியது. "கரண்டு கம்பத்த எரிச்ச கரி. விஷ மருந்து ஏத்துனது. சமைச்சா எல்லாம் கசக்கும். ஆளக் கொல்லும்."

"விஷம்னா முலிங்கே ரெண்டு மாசமா எப்படி வித்தாரு? கார்ல வர்றவன் எல்லாம் தின்னுட்டுத்தான போனான்?" என்றான் ஒருவன்.

"கசப்பு பாக்கறது எல்லாம் காசு குடுத்துத் திங்கிறவனுக்குத்தான் அண்ணே," என்று ஒரு கிழவர் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். முசெம்பி மண்ணைத் தள்ளி மிதித்தான். மேடு அவன் காலுக்குக் கீழே மெத்தென்று அமுங்கியது.

அடுத்த இரண்டு நாட்கள் வேலை கேட்டு அலைந்தான். எமாலி ஊரில் நான்கு கடைகளில் கேட்டான். முலிங்கேயிடமிருந்து முன்கூட்டியே தொலைபேசி வந்திருக்க வேண்டும். அவன் பெயரைச் சொன்னதும், நாக்கு கெட்டுப்போனவராமே என்று இரக்கமாகக் கேட்டார்கள். சியொம்புவா சந்தையில் ஒரு காய்கறிக்காரியிடம் கூலிக்குச் சேர்ந்திருந்தாள். இருட்டித்தான் வருவாள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தான். வெயில் இன்னும் தாழவில்லை. காற்று அடியோடு நின்றிருந்தது. சந்துக்குள் திரும்பியதும் வழக்கத்துக்கு மாறான அமைதி. எல்லார் வீட்டிலும் அந்த நேரத்துக்கே சமையல் நடந்தது. அடிக்கடி மூன்று நாள் களியை ஒரே நாளில் கிண்டி வைக்கிற வீடுகள் அவை. கரி மிச்சம் பிடிக்கிறவர்கள். இன்று எந்த வாசலிலும் அடுப்பை அணைக்கவில்லை.

கொல்லைக்குப் போனான். குழி திறந்து கிடந்தது. யாரோ அவசரமாகத் தோண்டியது போல இல்லை. தோண்டிய மண்ணை ஒரு பக்கமாக ஒதுக்கி, சிந்திய கரித்தூளைக்கூட ஈர்க்குமாற்றால் கூட்டி எடுத்திருந்தார்கள். அடியில் விளக்குமாற்றுக் கோடுகள் வரிவரியாகத் தெரிந்தன.

வாசலில் செருமல் கேட்டது. வன்சா நின்றிருந்தாள். கையில் இன்னொரு தட்டால் மூடிய தட்டு.

"கோவிச்சுக்காதீங்க அண்ணே. மண்ணுக்குள்ள கிடந்து வீணாப் போகுதேன்னு ஆளுக்குக் கொஞ்சமா எடுத்துக்கிட்டோம். யாரும் கூடக் குறைய எடுக்கல, சமமாத்தான் பிரிச்சோம்." தட்டை அவன் கையில் வைத்தாள். "மக்காச்சோளமும் பீன்ஸும். இத நல்லா வேகவைக்கிற அளவுக்கு எங்க வீட்டுல என்னிக்குக் கரி இருந்துது? இன்னிக்குத்தான் தோலு கழண்டு வர்ற மாதிரி வெந்திருக்கு. வயித்துல இருக்கிறது கூட வாசனைக்கு உதைக்குது. வேலையில்லாம இருக்கீங்க, முதல் தட்டு உங்களுக்குத்தான்னு எல்லாருமே சொன்னாங்க."

அவன் தட்டைப் பிடித்திருந்தான். அடிப்பக்கம் கொதித்திருக்க வேண்டும். விரல்களுக்குச் சூடு தெரியவில்லை.

"உப்பு பாருங்க," என்று சொல்லிவிட்டு வன்சா, தட்டைத் திரும்ப வாங்கிப் போவதற்காக, வயிற்றைத் தாங்கிக்கொண்டு கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் பதினோரு வாசல்களிலிருந்தும் புகை மெல்லியதாக நேரே எழுந்து, கூரைகளுக்கு மேலே ஒன்றாகக் கூடி, கலையாமல் நின்றது. அதற்குக் கீழே, வீடு வீடாக, சாப்பிட வரச் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினார்கள்.